திஃபினாக் கூட்டெழுத்துகளைக் கணினியில் உள்ளிடுவதும் சரியாகக் காட்டுவதும்

வட ஆப்பிரிக்காவின் அமாசிக் மக்கள் தங்கள் மொழிகளை எழுதப் பயன்படுத்தும் திஃபினாக் எழுத்து, 2005 மார்ச்சில் வெளிவந்த யூனிகோட் 4.1 பதிப்பில் இடம்பெற்றது. தனி எழுத்துகளைத் தட்டச்சு செய்வது இன்று எளிது. கூட்டெழுத்துகளில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் உங்களுக்குக் கூட்டெழுத்து தேவைதானா என்று பாருங்கள். மொராக்கோ அரசு 2003இல் ஏற்றுக்கொண்ட 33 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கில் உயிரெழுத்துகள் தனியே எழுதப்படுவதால் கூட்டெழுத்துக்கு வேலை இல்லை. அல்ஜீரியாவின் தெற்கிலும் நைஜர், மாலி, லிபியா நாடுகளிலும் வாழும் துவாரெக் மக்களின் மரபு வேறு. அங்கே சொல்லின் நடுவில் வரும் உயிரொலியைப் பொதுவாக எழுதுவதில்லை. ஆகவே, இரண்டு மெய்களுக்கு நடுவே உயிரொலி எதுவும் இல்லை என்பதை வாசகருக்குச் சொல்ல, அவ்விரண்டையும் ஒரே வடிவமாகச் சேர்த்து எழுதுகிறார்கள். இது அலங்காரம் அன்று. சேர்க்கை பிரிந்துபோனால், இல்லாத உயிரொலி ஒன்றை வாசகர் நடுவில் சேர்த்துப் படித்துவிடக்கூடும். அதனால்தான் இதைச் சரியாக உள்ளிடுவது முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

கணினியில் கூட்டெழுத்துக்கென்று தனிக் குறியீட்டெண் கிடையாது. முதல் மெய், இணைப்புக்குறி, இரண்டாம் மெய் என்று மூன்று குறியீடுகளை வரிசையாக உள்ளிட வேண்டும். அவற்றை ஒரே வடிவமாக மாற்றுவது எழுத்துருவின் பொறுப்பு. க, புள்ளி, ஷ ஆகிய மூன்றும் சேர்ந்து க்ஷ ஆவதை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. திஃபினாக்கின் இணைப்புக்குறி 2010இல் யூனிகோட் 6.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதன் பதின்ம எண் 11647. திஃபினாக்குக்கு ஒதுக்கப்பட்ட 80 இடங்கள் 11568இல் தொடங்குகின்றன. அவற்றில் கடைசி இடம் இதற்கு உரியது.

முதல் படி, எழுத்துருவை நிறுவுவது. விண்டோஸுடன் வரும் எப்ரிமா எழுத்துருவில் திஃபினாக் எழுத்துகள் உள்ளன. ஆனால் துவாரெக் எழுத்தின் வடிவங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுவதால், கூகுளின் நோட்டோ தொகுப்பிலுள்ள வட்டார எழுத்துருக்களைப் பயன்படுத்துவதே நல்லது. நோட்டோ சான்ஸ் திஃபினாக் என்ற பெயரோடு அஹக்கர், ஐர், காட், அத்ரார், அஸவாக் போன்ற வட்டாரப் பெயர்கள் சேர்ந்து வரும். நீங்கள் எழுதும் உரை எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று அறிந்து, அதற்குரியதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி, விசைப்பலகை. விண்டோஸ் 8 முதல் திஃபினாக்குக்கு அடிப்படை, விரிவு என இரண்டு விசைப்பலகைகள் உள்ளன. மொழி அமைப்புகளில், அமாசிக் மொழிகளில் ஒன்றான தமாசைட்டின் திஃபினாக் வடிவத்தைத் தேடிச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழிகளுக்கிடையே மாறிக்கொள்ளலாம். லினக்ஸில் மொராக்கோ விசைப்பலகைகளின் பட்டியலில் பெர்பர் (அமாசிக்கின் இன்னொரு பெயர்) என்ற பெயரில் திஃபினாக் விசைப்பலகைகள் காணப்படும்.

மூன்றாம் படியில்தான் கூட்டெழுத்து பிறக்கிறது. பழகுவதற்கு யல், யத் என்ற இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். யல் என்பது அருகருகே நிற்கும் இரண்டு செங்குத்துக் கோடுகள். யத் என்பது கூட்டல் குறி போன்றது. லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் முதலில் யல்லைத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு செருகு பட்டியலில் சிறப்பு எழுத்துகள் சாளரத்தைத் திறந்து, நீங்கள் நிறுவிய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, பதின்ம எண்ணுக்கான பெட்டியில் 11647 என்று கொடுத்துச் செருகுங்கள். அடுத்து யத்தைத் தட்டச்சு செய்யுங்கள். இணையப் பக்கத்துக்காக எழுதுகிறவர்கள் பக்கத்தின் மூலநிரலில் இப்படி இடலாம்:

ⵍ⵿ⵜ

நடுவில் இருப்பதே இணைப்புக்குறி. இரண்டு எழுத்துகளும் ஒரே வடிவமாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. கட்டம் தெரிந்தால், அந்தக் குறியீடே எழுத்துருவில் இல்லை என்று பொருள். எழுத்துகள் சேராமல் தனித்தனியே நின்றால், எழுத்துருவில் அந்தக் கூட்டெழுத்து இல்லாமலிருக்கலாம், அல்லது செயலி எழுத்துருவின் சேர்க்கை விதிகளைச் செயல்படுத்தாமலிருக்கலாம். இதைப் பிரித்தறிய அதே உரையை, அதே எழுத்துருவில் ஃபயர்பாக்ஸிலோ குரோமிலோ பாருங்கள். அங்கே சேர்ந்து தெரிந்தால் குறை செயலியில் இருக்கிறது. உங்கள் உரையை மாற்ற வேண்டியதில்லை. இணையப் பக்கத்தில் மட்டும் பிரிந்து தெரிந்தால், வடிவமைப்பில் எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறு கொடுத்தால் உலாவிகள் விருப்பச் சேர்க்கைகளை நிறுத்திவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யன் என்பது ஒற்றைச் செங்குத்துக் கோடு. இரண்டு யன்கள் அடுத்தடுத்து வந்தால் அவை யல் போலவே தோன்றிவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இரண்டாவது எழுத்தைச் சாய்த்தோ குட்டையாக்கியோ இறக்கியோ எழுதுவது மரபு. சில எழுத்துருக்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆகவே திரையில் ஒரு கோடு சாய்ந்து நின்றால், அதைப் பிழை என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். சாய்வை வரவழைப்பதற்காகச் சாய்கோட்டுக் குறியை இடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் அந்தச் சொல்லைத் தேடலில் கண்டுபிடிக்க முடியாது.

பழைய கோப்புகளைத் திறக்கும்போது வேறொரு சிக்கல் வரலாம். தனி இணைப்புக்குறி வருவதற்கு முன்பு, பல எழுத்துகளுக்கும் பொதுவான 8205 என்ற அகலமற்ற இணைப்பானைக் கொண்டு கூட்டெழுத்துகளை அமைத்தார்கள். கோப்பின் படியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தேடி மாற்றும் வசதியால் அதை 11647ஆக மாற்றிவிடலாம். எனினும் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றாமல், இரு பக்கமும் திஃபினாக் எழுத்து இருக்கும் இடங்களில் மட்டும் மாற்றுங்கள். அதே கோப்பில் அரபு எழுத்தோ எமோஜியோ இருந்தால், அங்கே 8205க்கு வேறு வேலை இருக்கும்.