நூலகத்திற்கு ஓர் ஈஆர் வரைபடம் வரையும் முறை

தரவுத்தளத்தில் அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகளை எழுதத் தொடங்குவதற்கு முன், எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்துவிடுவது நல்லது. அதற்கான ஈஆர் (உருப்பொருள்-உறவு) மாதிரியைக் கணினி அறிஞர் பீட்டர் சென் 1976ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவர் வழிவந்த குறியீட்டில் செவ்வகம் உருப்பொருளையும் (நூல், உறுப்பினர் போல நாம் தகவல் சேமிக்கும் ஒன்று), சாய்சதுரம் உறவையும் (உருப்பொருள்களுக்கு இடையிலான தொடர்பு), நீள்வட்டம் பண்பையும் (தலைப்பு போன்ற விவரம்) குறிக்கின்றன. குறியீடுகளைக் கற்க அதிக நேரம் ஆகாது. எது தனி உருப்பொருள், எது வெறும் பண்பு என்று தீர்மானிப்பதே கடினம். இரவல் கொடுக்கும் ஒரு சிறிய நூலகத்தை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

முதலில், அங்கே நடப்பதைச் சாதாரண வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள்: ‘ஆசிரியர் நூலை எழுதுகிறார்’, ‘உறுப்பினர் நூலை இரவல் பெறுகிறார்’. பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் உருப்பொருள்களாகவும், செயப்படுபொருள் ஏற்கும் வினைகள் உறவுகளாகவும் அமையும். பீட்டர் சென் 1983இல் ஆங்கில வாக்கிய அமைப்பை வைத்து விளக்கிய இந்த வழி தமிழுக்கும் பொருந்துகிறது. ஆனால் இலக்கணம் பாதி தூரம்தான் துணைக்கு வரும்.

‘நூல்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ் அகராதி இருக்கிறதா?’ என்று கேட்பவர் ஒரு பதிப்பைப் பற்றிக் கேட்கிறார். ‘இந்த அகராதியில் பத்துப் பக்கங்களைக் காணவில்லை’ என்பவர் தம் கையிலுள்ள ஒரு படியை, அதாவது பிரதியை, பற்றிச் சொல்கிறார். இரண்டையும் ஒரே செவ்வகத்தில் அடைத்தால், ஐந்து படிகளுக்கும் தலைப்பையும் பதிப்பகத்தையும் ஐந்து முறை எழுத வேண்டியிருக்கும். ஓரிடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு மற்ற நான்கை மறந்தால், அலமாரியில் ஒன்றாக இருக்கும் நூல் கணினியில் இரண்டாகிவிடும். ஆகவே நூலுக்கு ஒரு செவ்வகம், படிக்கு ஒரு செவ்வகம் வரைய வேண்டும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டும் பண்பைத் தேர்ந்து அடிக்கோடிட வேண்டும். நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டுத் தர நூல் எண் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய நூல்கள் பலவற்றில் அந்த எண் இல்லை. 2007க்கு முன் வந்தவற்றில் 10 இலக்கங்களும் பின் வந்தவற்றில் 13 இலக்கங்களும் இருக்கும். எனவே நூலகமே ஒரு நூல் எண்ணைக் கொடுத்து, ஐஎஸ்பிஎன்னை ஒரு சாதாரணப் பண்பாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. படிகளுக்கு ‘முதல் படி, இரண்டாம் படி’ என்று மட்டும் எண்ணிட்டால், நூலைச் சொல்லாமல் படியைச் சுட்ட முடியாது. அத்தகைய சார்பு உருப்பொருளை இரட்டைக்கோட்டுச் செவ்வகத்தால் காட்டுவார்கள். நூலகப் பதிவேட்டில் ஒவ்வொரு படிக்கும் தனிச் சேர்க்கை எண் இருந்தால் அந்தச் சிக்கல் எழாது.

இப்போது உறவுகளுக்கு வருவோம். ஒவ்வோர் உறவையும் இரு பக்கத்திலிருந்தும் கேள்வியாகக் கேட்க வேண்டும். ஒரு நூலுக்குப் பல படிகள் இருக்கலாம், ஒரு படி ஒரே நூலுக்கு உரியது. எனவே இது ஒன்றுக்குப் பல. நூலும் ஆசிரியரும் பலவற்றுக்குப் பல. ‘ஆசிரியர் 1’, ‘ஆசிரியர் 2’ என்று பண்புகளை அடுக்குபவர்கள், நான்கு பேர் சேர்ந்து தொகுத்த நூல் வந்ததும் திணறுவார்கள்.

இரவல் உறவில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். இந்த நொடியில் ஒரு படி ஓர் உறுப்பினரிடம் மட்டுமே இருக்க முடியும்; சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதே படி நூறு பேரிடம் போய் வந்திருக்கும். பழைய இரவல்களின் பதிவும் தேவையென்றால் உறவு பலவற்றுக்குப் பல ஆகிறது. எடுத்த நாளும் திருப்பிய நாளும் உறுப்பினருக்கோ படிக்கோ உரியவை அல்ல, அந்த உறவுக்கே உரியவை. அவற்றின் நீள்வட்டங்களைச் சாய்சதுரத்தோடு இணையுங்கள்.

பணியிடங்களில் சாய்சதுரத்தை விடக் காக்கைக்கால் குறியீட்டையே அதிகம் காணலாம். அதில் உறவு ஒரு கோடு மட்டுமே. அதன் முனையில் மூன்றாகப் பிரியும் கால் ‘பல’ என்பதையும், குறுக்குக்கோடு ‘ஒன்று’ என்பதையும், சிறு வட்டம் ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்பதையும் காட்டும்.

படத்தை அட்டவணைகளாக்குவது ஏறக்குறைய இயந்திர வேலை. ஒன்றுக்குப் பல உறவில் ‘பல’ பக்கத்து அட்டவணையில் அயல் திறவுகோல் (மற்ற அட்டவணையின் வரிசையைச் சுட்டும் எண்) சேரும். அதாவது படி அட்டவணையில் நூல் எண் இருக்கும். பலவற்றுக்குப் பல உறவு தனி அட்டவணையாகும். இரவல் அட்டவணைக்கு உறுப்பினர் எண்ணும் சேர்க்கை எண்ணும் சேர்ந்தால், ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் திறவுகோல் ஆகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்: பிடித்த நூலை அதே உறுப்பினர் அடுத்த மாதமும் எடுப்பார், இரண்டாவது வரிசையைத் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். எடுத்த தேதியும் நேரமும் அதில் சேர வேண்டும், அல்லது ஒவ்வோர் இரவலுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும்.