உள்ளங்கையில் நிற்கும் ஃபெல்ட் யானை: கையால் தைத்துப் பரிசளிக்க

எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்தாலும் சரி, யாருக்காவது பிறந்தநாள் வந்தாலும் சரி, அத்தையான என் கையிலிருந்து ஒரு ஃபெல்ட் யானை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முயல், பூனை, நரி எல்லாம் தைப்பேன். ஆனால் முதல்முறை தைப்பவர்களுக்கு யானையைத்தான் சொல்வேன். காரணம், யானைக்குக் கால் தடிமன், கழுத்து இருப்பதே தெரியாது. ஒடிசலான காலும் கழுத்தும்தான் கைத்தையலில் உயிரை வாங்கும். மான் தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இரண்டு யானை முடித்துவிட்டு வாருங்கள்.

இதற்குப் பழைய முன்னுதாரணமும் உண்டு. ஜெர்மனியில் மார்கரெட்டே ஷ்டைஃப் என்ற தையல்கார அம்மா, சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1880-இல் ஃபெல்ட்டில் குட்டி யானை தைத்தார். ஊசி குத்தி வைக்கும் மெத்தையாகத்தான் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய பொம்மைத் தொழிலே அதிலிருந்துதான் வளர்ந்தது.

ஃபெல்ட் நெய்த துணி இல்லை. இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்தி உண்டாக்கியது. அதனால் வெட்டிய ஓரத்தில் பிசிர் வராது. ஓரத்தை மடிக்க வேண்டாம், உள்பக்கம் தைத்துவிட்டு வெளியே புரட்ட வேண்டாம். மேலேயே தைத்துவிடலாம். இந்த ஒரு சலுகைக்காகத்தான் சின்னப் பொம்மைக்கு ஃபெல்ட்டை எடுக்கிறோம். சுத்தக் கம்பளி ஃபெல்ட், கம்பளி கலந்தது, அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் என்று மூன்று வகை கிடைக்கும். நான் எடுப்பது கம்பளி கலந்தது. எதுவானாலும் 1 முதல் 1.5 மி.மீ. கனம் இருக்கட்டும். வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். திட்டுத்திட்டாக வெளிச்சம் ஊடுருவினால் அது வேண்டாம்: பஞ்சு திணித்ததும் அந்த இடங்கள்தான் முதலில் இளித்துவிடும்.

நூல், ஆறு இழை கொண்ட எம்பிராய்டரி நூல். அதில் இரண்டு இழையைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 45 செ.மீ. போதும், அதற்கு மேல் நீளமாக எடுத்தால் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடும். பஞ்சு, பொம்மைக்கென்று விற்கும் பாலியஸ்டர் பஞ்சு. மருந்துக்கடைப் பருத்திப் பஞ்சு கட்டிதட்டிக் கனத்துப் போகும். இலவம் பஞ்சு மெத்தென்று இருக்கும், ஆனால் மூக்கெல்லாம் பறக்கும்.

இனி பேட்டர்ன். தாளில் பக்கவாட்டில் நிற்கும் யானை ஒன்றை வரையுங்கள். நீளம் 11 செ.மீ., உயரம் 9 செ.மீ. படம் வரையத் தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். உருண்டை முதுகு, தும்பிக்கை, இரண்டு கால் வந்தால் போதும். கண் காது எதுவும் இப்போது வரைய வேண்டாம். தும்பிக்கையும் கால்களும் எந்த இடத்திலும் 2 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் பஞ்சு உள்ளே போகாது.

யானை சொந்தக் காலில் நிற்க வயிற்றுத் துண்டு ஒன்று தேவை. வரைந்த யானையில், கால்களுக்கு நடுவே வயிறு வளையும் இடத்துக்கு ஒன்றரை செ.மீ. மேலே, மார்பிலிருந்து பின்புறம் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். இன்னொரு தாளை இரண்டாக மடித்து, அந்தக் கோடு மடிப்பின்மேல் படும்படி வைத்து, கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் நகலெடுங்கள். இரண்டு முனைகளையும் மடிப்பை ஒட்டி ஒரு செ.மீ. வெளியே நீட்டிக் கூராக முடியுங்கள். வெட்டிப் பிரித்தால் நான்கு கால்களோடு ஒரு துண்டு வரும். அந்த ஒன்றரை செ.மீ.யைக் கூட்டினால் யானை காலை அகட்டி நிற்கும், குறைத்தால் ஒடுக்கமாக நிற்கும்.

ஃபெல்ட்டில் உடம்பு இரண்டு, வயிற்றுத் துண்டு ஒன்று, காது இரண்டு (தனித் தாளில் வரைந்துகொள்ளுங்கள்) வெட்ட வேண்டும். பேட்டர்னைக் குண்டூசியால் குத்தினால் சின்னத் துண்டுகள் நெளியும். செல்லோடேப்பால் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டுவது என் வழக்கம். வளைவு வரும்போது கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், துணியைத் திருப்புங்கள்.

தையலுக்கு ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எடுக்கும் தையலே போதும். ஓரத்தில் ஒவ்வொரு குத்திலும் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும் பிளாங்கெட் தையல் தெரிந்தால் இன்னும் அழகு. ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே குத்தி, 3 மி.மீ.க்கு ஒரு தையல். முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவில் மறைந்திருக்க வேண்டும். முதலில் வயிற்றுத் துண்டின் மார்பு முனையிலிருந்து ஆரம்பித்து, ஒரு பக்க உடம்போடு கால்களையெல்லாம் சுற்றிப் பின் முனை வரை தைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மறுபக்க உடம்போடு அதே போல. பிறகு மார்பிலிருந்து மேலே ஏறித் தும்பிக்கையைச் சுற்றி வாருங்கள். தும்பிக்கையைத் தாண்டியதும் நிறுத்தி, அப்போதே அதில் பஞ்சை அடைத்துவிடுங்கள். அப்புறம் தலை, முதுகு. முதுகின் பின்பாதியில் 4 செ.மீ. திறந்து விட்டு, பின் முனையிலிருந்து மேலே அந்த வாய் வரை தைத்தால் முடிந்தது.

பஞ்சு திணிப்பதில் அவசரமே கூடாது. பட்டாணி அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி, மழுங்கிய பென்சிலால் முதலில் நான்கு பாதங்களுக்கும் தள்ளுங்கள். விரலால் அழுத்தினாலும் கால் வளையாத அளவு இறுக வேண்டும். யானை நிற்பதும் சாய்வதும் இங்கேதான் முடிவாகிறது. பிறகு தலை, கடைசியில் வயிறு. போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் ஒரு பிடி போடலாம், ஏனென்றால் கையில் வைத்துக் கசக்கக் கசக்கப் பஞ்சு அமுங்கும். வாயை மூடும்போது வாலுக்கு மூன்று நூலைப் பின்னி உள்ளே செருகித் தைத்துவிடுங்கள்.

இதுவரை யார் தைத்தாலும் ஒரே யானைதான். முகத்தில்தான் அது உங்கள் யானை ஆகிறது. மொத்த வேலையில் கால்வாசி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். முதலில் காதுகளைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். சற்று முன்னால் நகர்த்தினால் குறும்பு, பின்னால் தள்ளினால் சாது. கண்ணுக்குக் கறுப்புத் தலை குண்டூசி இரண்டை வைத்துப் பாருங்கள். முகத்தின் பாதிக்குக் கீழே இறக்கி வைத்தால் நெற்றி பெரிதாகி, குட்டி யானை ஆகிவிடும். பெரிய நெற்றியும் கீழே இறங்கிய பெரிய கண்ணும் பார்த்ததும் நம்மைக் கொஞ்சத் தூண்டும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் கண் ஒரே உயரத்தில் வர, நீள ஊசியை ஒரு குண்டூசி இடத்தில் குத்தி மறுபக்கம் நேராக வாங்குங்கள். அந்த நூலை லேசாக இழுத்துக் கட்டினால் கண்குழி விழும். குழியில் பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிக் குத்தி எடுக்கும் மணி போன்ற முடிச்சு), அதன் மேல் ஓரமாக ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கண் தூங்கிவிடும்.

பிடித்த முகம் வந்ததும் உடனே தைக்காமல் ஓர் இரவு அப்படியே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். காலையில் பார்த்தும் பிடித்திருந்தால் காதைத் தையுங்கள்.

வாங்கப்போகும் குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் மணி, பட்டன், பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம், நூல் கண் மட்டும்தான். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைகளில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் அடங்குகிற எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். பிய்ந்த காதும் அந்தக் கணக்கில் வரும். எனவே காதை இரண்டு சுற்று தையுங்கள், வாலை இழுத்துப் பாருங்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். இது விளையாட்டில்லை.

கொடுக்கும்போது ஒரு சீட்டும் வைப்பேன்: குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்தவும். கம்பளி ஃபெல்ட் வெந்நீரில் சுருங்கிவிடும். சீட்டோடு அதே நிற நூல் ஒரு முழம் சுற்றி வைத்துவிடுவேன், தையல் விட்டுப்போனால் அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று.