மக்காச்சோளப் புரதத்தில் குர்க்குமினைப் பொதிதல்: காரைக்குடி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மக்காச்சோளத்தின் ஸீயின் புரதம் நீரில் கரையாது, ஆனால் 60 முதல் 90 சதவீத எத்தனாலில் கரையும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினும் எத்தனாலில் கரைவதால், இரண்டையும் ஒன்றாகக் கரைத்து நீரில் ஊற்றினால் புரதம் குர்க்குமினைத் தன்னுள் வைத்துக்கொண்டே நுண்துகளாகப் படிகிறது.

100 மி.கி. ஸீயினையும் 10 மி.கி. குர்க்குமினையும் 80 சதவீத எத்தனால் 10 மி.லி.யில் கரைத்து, ஒளி படாமல் மூடி வைக்கவும். செட்டிநாட்டுக் கோடையில் மூடாத குவளையிலிருந்து எத்தனால் விரைவில் ஆவியாகிச் செறிவு மாறிவிடும். சமையலறை மஞ்சள்தூள் உதவாது. அதில் குர்க்குமின் சில சதவீதமே.

பின்னர், 100 மி.கி. சோடியம் கேசினேட் (பால் புரதமான கேசினின் உப்பு) கரைந்த 30 மி.லி. வாலை வடிநீரைக் காந்தக் கலக்கியில் வேகமாகச் சுழலவிட்டு, கரைசலைச் சீராக ஊற்றவும். கிணற்று நீர் வேண்டாம். அதன் உப்புகள் துகள்களின் மின்னூட்ட விலக்கத்தைக் குறைத்துத் திரளச் செய்யும். கேசினேட் பாலிலிருந்து வருவதுதான், எனவே இது முழுக்கத் தாவரப் பொதி ஆகாது. ஆனால் ஸீயினின் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் சுழியாகும் நிலை) ஏறத்தாழ பி.எச். 6.2 என்பதால், கேசினேட் மேலுறையில்லாத துகள்கள் நடுநிலைக்கு அருகே கட்டிதட்டுகின்றன. இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள் என்பது என் கருத்து.

எத்தனாலைக் குறைந்த அழுத்தத்தில் நீக்கி, மிதமான மையவிலக்கில் பொதியாத குர்க்குமினைப் பிரிக்கவும். மேல்நீரின் ஒரு பகுதியை மீண்டும் எத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலை அளந்தால், இட்டதில் எவ்வளவு பொதிந்தது என்பது தெரியும்.