தண்ணீரைப் பத்திரமாகக் குடிக்க அந்த நாடு எனக்குக் கற்றுக்கொடுத்தது

வேலைக்காக வளரும் நாடு ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாத ஊர், என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன்.

கலங்கலாக இருந்தால் முதலில் சுத்தமான துணியில் வடிகட்டுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள மலைப்பகுதி என்றால் 3 நிமிடம், ஏனென்றால் அங்கே குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அப்புறம் மூடி வைத்து ஆறவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான்: ஆறிய தண்ணீரில் கை படும்படி டம்ளரை முக்கி எடுத்தால் கிருமி திரும்பவும் உள்ளே போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண். அதனால் வாய் குறுகிய பாத்திரமோ, அடியில் குழாய் வைத்ததோ நல்லது. ரசாயனம் கலந்த தண்ணீருக்கு மட்டும் இந்த வழி உதவாது.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், இந்தத் தண்ணீர் 1 லிட்டரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை சோர்ந்துபோனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.