இங்கிலாந்துக்குப் புதுசா வந்திருக்கீங்களா? சர்ச் ஆங்கில வகுப்பில் சேர்வது எப்படி?

கணவரின் வேலை விசாவில் வந்து பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவர்கள், பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாக்கள், பாடம் புரிந்தாலும் வகுப்புத் தோழர்களோடு பேசத் தயங்கும் மாணவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் சர்ச்சில் நடக்கும் ஆங்கில வகுப்பில் நானும் ஒரு தன்னார்வலர். உள்ளே போனால் மூன்றே வாரத்தில் முகம் மாறிவிடுகிற நம்மவர்கள், முதல் நாள் அந்த வாசலைத் தாண்டத்தான் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள்.

காலேஜ்களிலும் ஈசால் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கிலம்) வகுப்புகள் உண்டு. ஆனால் வேலை விசாவிலோ அதைச் சார்ந்த துணைவர் விசாவிலோ வந்தவர்களுக்குப் பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசின் கட்டண உதவி கிடைக்காது. சர்ச் வகுப்புகள் பெரும்பாலும் இலவசம். சில இடங்களில் டீ, பிஸ்கட்டுக்காக ஒன்றிரண்டு பவுண்ட் வாங்குவார்கள், அவ்வளவுதான்.

படி 1: தேடுங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் போஸ்ட்கோடை அடித்து, கூடவே ‘இங்கிலீஷ் கான்வர்சேஷன் கிளாஸ்’, ‘இன்டர்நேஷனல் கஃபே’ என்று தேடிப் பாருங்கள். அதில் சிக்காதவையும் நிறைய இருக்கும். சர்ச் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை, ஊர் லைப்ரரி, பிள்ளையின் பள்ளி அலுவலகம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், கத்தோலிக்க சர்ச் என எதுவானாலும் சரி, நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில் இருப்பதே நல்லது. மழைக்காலத்தில் இரண்டு பஸ் மாறிப் போகும் வகுப்பு நவம்பரோடு நின்றுவிடும்.

அநேகமாக எல்லா இடங்களிலும் பள்ளிக்கூட டெர்ம் கணக்குதான். ஆகஸ்டில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாதீர்கள். முதலில் ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள்: உங்கள் பெயர், எந்த ஊர்க்காரர், ஓரளவு பேச வருமா, குழந்தையைக் கூட்டி வரலாமா. பள்ளி செல்லாத பிள்ளைகளுக்குப் பல இடங்களில் கிரெஷ் (வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருக்கிறது, ஆனால் இடம் குறைவு. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 2: முதல் நாள்

வகுப்பு நடப்பது பெரும்பாலும் ஆராதனைக் கூடத்தில் இல்லை. பக்கத்திலோ பின்னாலோ இருக்கும் ஹாலில். பெரிய கதவு பூட்டியிருந்தால் பக்கவாட்டு வாசலைப் பாருங்கள். பெயர், நாடு, போன் நம்பர் என்று ஒரு சின்ன ஃபார்ம் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டையோ விசாவையோ பொதுவாகக் கேட்பதில்லை. சட்டையில் ஒட்டப் பெயர் ஸ்டிக்கர் தந்தால், அப்பா பெயரை விட்டுவிட்டு, உங்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அதன்பின் ஒருவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்து உங்கள் ஆங்கில நிலைக்கு எந்த மேசை என்று முடிவு செய்வார். நம்மவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நமக்குப் படிக்க வரும், இலக்கணமும் தெரியும், வாய்தான் திறக்காது. எழுத்துத் தேர்வு வைத்தால் மேல் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே பத்து பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவீர்கள். “படிப்பேன், பேசத்தான் வராது” என்று சொல்லிக் கீழ் மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

“மதம் மாறச் சொல்வாங்களா?”

எல்லோரும் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன். இதை நடத்துபவர்கள் விசுவாசிகள். புதிதாக வந்தவரை வரவேற்பது தங்கள் விசுவாசத்தின் பகுதி என்று நினைப்பவர்கள். பல இடங்களில் வகுப்பு முடிந்ததும் எளிய ஆங்கிலத்தில் பைபிள் வாசிப்பு இருக்கும். அதற்கு உட்காருவது உங்கள் விருப்பம். ‘நோ, தேங்க் யூ’ என்று சிரித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், அடுத்த வாரமும் அதே அன்போடுதான் வரவேற்க வேண்டும். எங்காவது வற்புறுத்தினால் அங்கே போகாதீர்கள், வேறு சர்ச் பாருங்கள். எங்கள் ஹாலில் பொட்டு வைத்தவர்களும் ஹிஜாப் அணிந்தவர்களும் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள்.

படி 3: டீ நேரத்தை வீணாக்காதீர்கள்

என்னைக் கேட்டால் உண்மையான வகுப்பே இந்த இருபது நிமிடம்தான். இலக்கணத்தை யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். தப்பாகப் பேசினாலும் பொறுமையாகக் கேட்கிற மனிதர் அங்கே கிடைக்க மாட்டார்.

அதனால் இன்னொரு தமிழரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். 2021இல் ஹாங்காங்காரர்களுக்கான பிஎன்ஓ விசா தொடங்கிய பிறகு அங்கிருந்து வந்தவர்கள், 2022 போருக்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்தவர்கள், ஈரானியர், பிரேசில்காரர் எனப் பலரும் இருப்பார்கள். உங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டும்தான் என்றால் வாய் தானாகத் திறக்கும். வானிலை, சமையல், பஸ், பிள்ளைகளின் பள்ளி என்று பேச்சைத் தொடங்கலாம். சம்பளம், வயது, “ஏன் இன்னும் குழந்தை இல்லை?” இவையெல்லாம் வேண்டாம். அகதியாக வந்தவரிடம் ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்றும் கேட்காதீர்கள். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார்.

கூச்சமாக இருந்தால் கிச்சனுக்குப் போய்க் கப் கழுவுங்கள். ஒருவர் கழுவ ஒருவர் துடைக்க, முகம் பார்க்காமல் பேசுவது எளிது. ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா எங்கள் சிங்க் பக்கத்தில் நின்றபடியே, துண்டும் கையுமாக, எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறார்.

படி 4: உங்கள் காகிதங்களைக் கொண்டு போங்கள்

பாடப்புத்தகத்தைவிட உங்கள் பையில் இருக்கும் கடிதம் நல்ல பாடம். நாளை யூனிஃபார்ம் இல்லாமல் வரலாம், ஒரு பவுண்ட் கொடுத்தனுப்புங்கள் என்று பள்ளியிலிருந்து வரும் சீட்டு, கவுன்சில் டேக்ஸ் (உள்ளாட்சி வரி) கடிதம், எது புரியவில்லையோ அதை எடுத்துப் போங்கள். ஜிபி (குடும்ப டாக்டர்) ரிசப்ஷனுக்குக் காலை எட்டு மணிக்குப் போன் செய்வதை ஆசிரியரோடு நடித்துப் பாருங்கள்: அவர் ரிசப்ஷனிஸ்ட், நீங்கள் நோயாளி. பிறந்த தேதி, போஸ்ட்கோடு, பெயரின் ஒவ்வொரு எழுத்தும் தடுமாறாமல் வர வேண்டும். நம் நீளப் பெயர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம்.

விசா விண்ணப்பத்தை மட்டும் நீட்டாதீர்கள். பதிவு பெறாதவர் குடியேற்ற ஆலோசனை தருவது இங்கே சட்டப்படி குற்றம். தன்னார்வலர் மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

படி 5: விருந்துக்கும் வாக்கிங்குக்கும் போங்கள்

இலையுதிர் காலத்தில் அறுவடை விழா, டிசம்பரில் கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்கள்), தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று எலுமிச்சையும் சர்க்கரையும் போட்ட பேன்கேக், நடுவில் ஒரு வாக்கிங். ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் மதிய விருந்தும் நடக்கும். எலுமிச்சை சாதமோ வடையோ போதும், காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி இங்கே உயிர்ப் பிரச்சினை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் எழுதுங்கள்.

படி 6: தேர்வு வேறு, வகுப்பு வேறு

இந்த வகுப்பில் தரும் சான்றிதழை, விசாவையும் குடியுரிமையையும் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீஸ் ஏற்காது. நிரந்தர வசிப்புரிமைக்கோ குடியுரிமைக்கோ பொதுவாக அரசு அங்கீகரித்த தேர்வுதான் எழுத வேண்டும். பி1 எனப்படும் நடுத்தர ஆங்கில நிலைக்குப் பலர் எடுப்பது டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிரேடு 5. பத்து நிமிடப் பேச்சுத் தேர்வு, பாதி நேரம் நீங்களே தேர்ந்தெடுத்த தலைப்பில். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு எந்த நிலை தேவை என்பதை அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தேதி குறித்ததும் வகுப்பில் சொல்லுங்கள். உங்கள் தலைப்பைக் கேட்டுக் குறுக்குக் கேள்வி போட ஒவ்வொரு வாரமும் யாராவது உட்காருவார்கள்.