பேர் வெட்டிய நாளும் பேர் பதிந்த நாளும்: லயத்து வரலாற்றை எழுதும் முறை

என் அம்மாவின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேடான இடாப்பில் ஒரு விதமாகவும், தேயிலைத் தோட்டத்து வேலை, சம்பளக் கணக்கான செக்ரோலில் இன்னொரு விதமாகவும், பிரஜாவுரிமைச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த நாளில்தான், இலங்கையின் மலையகத்தில் உழைப்பின் வரலாற்றைத் தனியாகவும் கல்வியின் வரலாற்றைத் தனியாகவும் எழுத முடியாது என்று எனக்கு உறைத்தது. முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உங்கள் தோட்டத்தின் கதையை, குறைந்தது உங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் கதையையாவது எழுத நினைக்கிறவர்களுக்கு நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

நம் மலைகளில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆளைக் கூப்பிடும் பெயர் ஒன்று. ஒரு நாள் வேலைக்கான கணக்கு மற்றது: முழுநாள் செய்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது ‘பேர் பதிவது’. பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பது ‘பேர் வெட்டுவது’. நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான்: ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் பேர் வெட்டிய நாளையும் தோட்டத்தில் பேர் பதிந்த நாளையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. ஒரு நாற்பது பக்கக் கொப்பியை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டால் வேலை தொடங்கிவிடும்.

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அதிபரிடம் மாணவர் சேர்வு இடாப்பையும் பள்ளியில் நடந்ததை எழுதி வைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் கேளுங்கள். பழையவை அங்கே இல்லாவிட்டால் தோட்டத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். காரணம் இருக்கிறது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பாக்கியது. அதனால் பள்ளிக்கூடம் பல காலம் தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. நாடு முழுவதற்கும் 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் நம் ஒற்றை அறைப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஆகவே அதற்கு முந்திய காகிதம் இரண்டு இடத்தில் ஏதாவது ஒன்றில் கிடக்கும். இரண்டிலும் இல்லையென்றால் பழைய ஆசிரியர் வீட்டுத் தகரப் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

இடாப்பில் ‘விலகிய காரணம்’ என்ற பத்தியில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும். என் வயதுக்காரர்கள் படித்த காலத்து இடாப்பில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: ‘இந்தியா’. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நான்காம் வகுப்பில் என் வாங்கில் இருந்த நண்பனுக்கு எதிரே சிவப்பு மையில் அந்தச் சொல் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பற்றி நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சிவப்பு மையைப் பார்த்தபோது வந்த தொண்டை அடைப்பு அப்போதெல்லாம் வரவில்லை.

‘வருகையின்மை’ என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். அது காரணமே அல்ல, வாத்தியார் கைகழுவியதற்கு அடையாளம். நானும் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது செக்ரோல். இதற்கு முகாமையாளருக்கு முறையாக ஒரு கடிதம் கொடுங்கள், கொடுத்துவிட்டுப் பெரிய கிளாக்கரைப் போய்ப் பாருங்கள். இப்போது வேலை செய்கிறவர்களின் கணக்கு வேண்டாம், பழைய புத்தகங்கள் மட்டும் போதும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று விலை வைத்தார்கள். உயரமான மலைத் தோட்டங்களில் அது நாளுக்கு 54 சதம், 43 சதம், 32 சதம். பிள்ளைக்கு ஒரு விலை இருந்தது என்பதை மறக்காமல் உங்கள் இரண்டாவது பத்தியை நிரப்புங்கள். பேர் பதிந்த தேதிதான் முதன்முதலாக வேலை செய்த தேதி என்றும் எண்ணிவிடாதீர்கள். அதற்கு முன்பே அம்மாவின் கூடைக்குள் பிள்ளை பறித்த கொழுந்தும் விழுந்திருக்கும்.

காகிதம் கையில் வந்த பிறகு ஆட்களிடம் போங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு நேரத்திலும் சம்பள நாளிலும் போகாதீர்கள். வயதான பெண்ணிடம் பேசும்போது வீட்டு ஆண்களைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிடுவது நல்லது. என் முதல் முயற்சியில் ஒரு பாட்டியிடம் இரண்டு மணி நேரம் இருந்தேன். பக்கத்தில் தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்த மருமகன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பாட்டி தேநீர் ஊற்றினார். பதிவைக் கேட்டுப் பார்த்தால் முழுக்க மேடைப் பேச்சு. நல்லவேளை, அன்று கைபேசியில் பாதியிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது.

எந்த வருடம் என்று கேட்கவே கேட்காதீர்கள். வருடம் நம் ஆட்களிடம் இல்லை, நிகழ்ச்சி இருக்கிறது. முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் கோவிந்தனைச் சுட்டதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் 1940 ஜனவரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். பிரஜாவுரிமை பறிபோனது 1948. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1972இலும் 1975இலும். மரவள்ளிக் கிழங்கைத் தேடி அலைந்த பஞ்சம் 1973, 74. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984. இவற்றை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பஞ்சத்தில் உங்கள் மூத்தவன் நடந்தானா, தவழ்ந்தானா?’ என்று ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழைவிடச் சரியாகப் பதில் வரும்.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். ‘கல்வி வசதி எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது தம்பி’ என்று நம்மை அனுப்பி வைத்துவிடுவார்கள். கடைசியாகப் படித்த பாடம் எது? சிலேட்டை யாருக்குக் கொடுத்தீர்கள்? முதல் சம்பளத்தை யார் கையில் வைத்தீர்கள்? என் அம்மா பதினொரு வயதில் பள்ளியை விட்டவர். இடாப்பில் ‘வருகையின்மை’. சிலேட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அம்மாவின் தம்பி பிறந்த மாதம் அது. அம்மாவைப் பெற்ற பாட்டி மலைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. ஆகவே மூத்த பெண் வீட்டில் நின்றாள். சிலேட்டு அந்தத் தம்பிக்கே போயிற்று.

அவர்கள் சொன்ன சொல்லைத் திருத்தாதீர்கள். கண்டாக்கையா (மேற்பார்வையாளர்), கவ்வாத்து (செடி வெட்டுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எல்லாம் அப்படியே இருக்கட்டும். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயரும் ஆட்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருக்கும், இரண்டையும் குறியுங்கள். தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய பெர்குசன் டைரக்டரியில் தேடப் பலகைப் பெயர் வேண்டும், பாட்டியிடம் பேச மற்றப் பெயர் வேண்டும். அந்த டைரக்டரியையும் வெள்ளைக்காரர் ஆட்சிக் கால அறிக்கைகளையும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். தமிழில் வந்த மலையகப் பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் நூலகம் இணையத் தளத்தில் தேடினால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

சாதி, கடன், நாடற்றவராக இருந்த காலத்துப் பொய்ப் பெயர்கள் ஆகியவை பேச்சில் வரும். வந்தால் கேளுங்கள். எழுதுவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் திரும்பப் போய் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள்.

வாசித்துக் காட்டுவதில் இன்னொரு பயனும் உண்டு. இடாப்பின் பக்கத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தபோது அவருக்கு எண்பது வயது. தன் பெயரைக் கேட்டு அவர் அசையவில்லை. ‘மேலே யார் பேர் இருக்கிறது, கீழே யார் பேர் இருக்கிறது, அதை வாசி’ என்றார். வாசித்தேன். அதே மாதத்தில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பேர் வெட்டியிருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அம்மா விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னார்: ‘அவள்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்போது கைப்பிள்ளை கிடையாது. பணிய மலையில் புல்லு வெட்ட ஆள் எடுத்தார்கள், அதற்குப் போனார்கள்.’

கொப்பியில் இரண்டு புதிய வரி போட்டேன்.