அஸ்வெசுமவுக்குப் போதைப் பரிசோதனை வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டால் எப்படிப் பேசுவது

சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசுமக் காசின் கதை எடுத்தால் யாராவது எழும்பி, "ஐஸ் போதை அடிக்கிறவனுக்கு ஏன் அரசாங்கக் காசு? சலம் டெஸ்ட் எடுத்துப்போட்டுக் குடுக்கட்டும்" என்று கேட்பார்கள். அந்தக் கோரிக்கை பிழை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களும் அப்படி நினைத்தால் கூட்டத்தில் பேசாமல் இருக்காதீர்கள்.

முதலில் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். காஸ் சிலிண்டரைக்கூட விற்றுப்போட்டு வரும் பெடியனை வைத்துக்கொண்டு அழுகிற தாயை அவர் பக்கத்து வீட்டில் பார்த்திருப்பார், அந்தக் கோபம் நியாயமானது. "நீங்கள் சொல்லுற பிரச்சினை உண்மைதான் அண்ணை" என்று தொடங்குங்கள்.

பிறகு அந்தக் காசு யாருடையது என்று கேளுங்கள். அஸ்வெசுமவின் வறுமைக் கொடுப்பனவு தனி ஆளுக்கு வருவதில்லை, வீட்டையும் வருமானத்தையும் சொத்தையும் படிப்பையும் உடல்நலத்தையும் பார்த்து 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குத்தான் வருகிறது. மிக வறிய குடும்பத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 17,500 ரூபா வரை. மகன் டெஸ்டில் பிடிபட்டான் என்று அதை வெட்டினால் அவன் ஐஸை விடப்போவதில்லை. தங்கச்சியின் கொப்பியும் அம்மம்மாவின் பிரஷர் குளிசையும்தான் நிற்கும். இந்த இடத்தில் அவசரப்படாமல் பேசுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் இருக்கிற பெண்களுக்கு இது உடனே விளங்கும்.

செய்து பார்த்த நாடு உண்டா என்று கேட்பார்கள், உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2011இல் ஆளுநர் ரிக் ஸ்கொட், நிவாரணக் காசுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் போதைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். சுமார் 4 மாதத்தில் 4,086 பேரைச் சோதித்ததில் பிடிபட்டது 108 பேர், நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. தேறியவர்களுக்கு டெஸ்ட் காசைத் திருப்பிக் கொடுத்ததிலேயே ஒரு லட்சம் டொலருக்கு மேல் போனது. சந்தேகமே இல்லாதவர்களைச் சும்மா சோதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2013 கடைசியில் நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளியது, 2014இல் மேல்நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

"பாவிக்கிறவன் பயந்து விண்ணப்பிக்காமல் விட்டிருப்பான்" என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்விதான், சிலர் அப்படி விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் காசு போகவில்லை, அவனுக்குச் சிகிச்சையும் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

டெஸ்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். ஐஸும் ஹெரோயினும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சலத்தில் தெரியாமல் போய்விடும், தொடர்ந்து கஞ்சா அடிக்கிறவனுக்கோ வாரக்கணக்கில் தெரியும். சில தடிமல், இருமல் மருந்துகூட முதற்கட்டச் சோதனையில் பிழையான முடிவைக் காட்டும், திரும்ப ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குள் ஊர் முழுக்கப் பெயர் போயிருக்கும், ஜி.எஸ். ஒபிஸ் (கிராம அலுவலர் அலுவலகம்) வாசலில் யார் எந்த வரிசையில் நின்றார் என்பதே எங்கள் ஊரில் பின்னேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பிறகு அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசவும் ஆள் வராது. உர மானியம் வாங்கும் கமக்காரரையோ அரச சம்பளம் எடுக்கும் உத்தியோகத்தரையோ யாரும் சலம் கேட்பதில்லை, ஏழைகளிடம் மட்டும் ஏன்?

மறுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, அந்தக் கோபத்துக்கு ஒரு வழி காட்ட வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கும் அழைக்கலாம். கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: எங்கள் பிரதேசத்துக்குச் சிகிச்சை, ஆலோசனை வசதியைக் கூட்ட வேண்டும், பள்ளிக்கூட வாசலில் விற்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைத்து ஒரு பிரதியை டி.எஸ். ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) கொடுத்து, கிடைத்ததற்கான சீலைக் கையோடு வாங்கி வாருங்கள்.